நூறாவது கண்ணாடி

சென்ற ஆண்டு வைகாசி ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மேகம் என்று சொல்ல செஞ்சிக் கோட்டை ராஜகிரிக்கு மேலே ஒன்றே ஒன்று இருந்தது. காற்று அறவே இல்லை. சாலைகள் கூடும் கூட்ரோட்டில் தார் இளகி என் செருப்பைப் பிடித்து இழுத்தது. அந்த நேரத்தில்தான் நான் திறக்கக் கூடாத வாயைத் திறந்தேன்.

நான் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று முப்பத்திரண்டு வருடம் எழுதியிருக்கிறேன். வேலை விட்டுப் பதின்மூன்று வருடமாகியும் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். சாவு வீட்டுக்குப் போனால் நாற்காலிகளை எண்ணுவேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். மருந்து மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அன்று சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி வாங்கப் போனேன். கூட்ரோட்டு மூக்குக் கண்ணாடிக் கடை வாசலில் சாமியானா போட்டு, நூறு முதியோருக்கு இலவசக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடை முதலாளியை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கொடுத்த நோட்டுகளின் அட்டையில் அவர் முகம்தான். எங்கள் தெருப் பிள்ளைகள் கணக்குப் போடுவதற்கு முன்னால் அவருக்குப் பெரிய மீசையாகப் போட்டுப் பழகுகிறார்கள். பேருந்து நிறுத்தத்துக்கு சிமென்ட் பெஞ்சு கொடுத்தார். முதுகு சாய்க்கும் இடத்தில் கடைப் பெயர், உட்காரும் இடத்தில் அவர் படம். அதில் உட்கார முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. நல்ல மனிதர்தான். வலது கை கொடுப்பதை இடது கை கேமராவில் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நிழலுக்காக சாமியானா ஓரத்தில் நின்றவன், பழைய பழக்கத்தில் எண்ணிவிட்டேன். மைக்கில் "நூறு பேருக்கும் கண்ணாடி வழங்கி முடித்தோம்" என்று அறிவித்தபோது சும்மா இருந்திருக்கலாம்.

"தொண்ணூத்தொம்பது பேருதான் இருக்காங்க," என்றேன்.

முதலாளி கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, கரெக்டா சொன்னீங்க. அந்த நூறாவது ஆளு நீங்கதான். வாங்க."

"எனக்கு பென்ஷன் வருது. கண்ணாடி வீட்ல ரெண்டு இருக்குது."

"மூணாவதா இருக்கட்டும் சார். தொண்ணூத்தொம்பதுன்னு போட்டா ஃபிளெக்ஸ்ல நல்லாவா இருக்கும்?"

தொண்ணூற்றொன்பதில் ஒரு கணக்கு நிற்பது எனக்கும் பொறுக்காது. போய் உட்கார்ந்தேன். கண்ணைச் சோதித்தார்கள். பிறகு கேமராக்காரர் வந்தார்.

"அய்யா, மொதல்ல கண்ணாடி இல்லாம ஒண்ணு. கொஞ்சம் சோகமா பாருங்க."

"சோகம் வரலையேப்பா."

"இந்த மாசம் பென்ஷன் ஏறலைன்னு நெனச்சுக்கோங்க."

உடனே வந்தது. அதை எடுத்துக்கொண்டார். பிறகு கண்ணாடி மாட்டிச் சிரிக்கச் சொல்லி இன்னொன்று எடுத்தார். கண்ணாடியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பவர் சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் எமகண்டம் முதற்கொண்டு எல்லாம் படித்தேன்.

அப்போது வீட்டில் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. என் சின்ன மகள் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை. முப்பத்தொரு வயது. பதினோரு வரன் வந்து போயிருந்தது. பன்னிரண்டாவதை நாங்கள் யாரும் தேடவில்லை. அனந்தபுரத்திலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் ஏழு ஐம்பது வண்டியில் தினமும் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஏழு இருபதுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஏன் ஏழு ஐம்பதுக்கு மாறினாள் என்று நேரக் காப்பாளனான எனக்கு எட்டு மாதம் தோன்றவில்லை. பையன் நல்ல பையன். வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் வந்து தட்டு மாற்றுவதாகப் பேச்சு. அவர்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது பையனின் அத்தை என்றும், சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றும் மகள் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரு காரியத்துக்காக நகம் கடித்து நான் பார்த்தது அந்த வாரம்தான்.

நிச்சயத்துக்கு முந்தின சனிக்கிழமை வெயிலுக்குப் பயந்து நான் வெளியே போகவில்லை. சாயங்காலம் என்னுடன் வேலை பார்த்த பழைய கண்டக்டர் ஒருவர் போன் செய்தார். மனைவி எடுத்தாள். அவர் குரல் கம்மியிருந்ததாம். சளி பிடித்திருக்கும் என்று இவள் நினைத்தாள்.

"எப்பம்மா எடுக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

இவள் தலை நிறைய நிச்சயப் பட்டுப்புடவை. "நாளைக்கித்தாண்ணே. பத்தரைக்கு மேல மாப்ள வூட்டுக்காரங்க வந்துடுவாங்க. அவங்க வந்ததும் எடுத்துடலாம்னு இருக்கோம்," என்றாள்.

"மாப்ள வர்றது முக்கியம்தாம்மா. தைரியமா இரு."

"தைரியத்துக்கு இன்னாண்ணே, எப்படியோ முடிஞ்சா சரி. ரொம்ப நாளா இழுத்துகினு இருந்துச்சு."

போனை வைத்தபின், "பாவம், பொண்ணு கல்யாணத்துக்கு அந்த மனுஷன் அழுவறாருங்க," என்று என்னிடம் உருகினாள். எனக்கும் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பத்து நிமிடத்துக்கு வாசலில் ஆள் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்களே என்று பதறிப் போய்க் கதவைத் திறந்தேன். பணிமனை ஆட்கள் ஏழு பேர் நின்றார்கள். அந்தக் கண்டக்டர் கையில், ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை.

"யோவ்," என்றார் அவர். "நீ இன்னாய்யா கதவத் தெறக்கற?"

"என் வீட்டுக் கதவை நான் தெறக்காம யார் தெறப்பாங்க?"

"நீ உசுரோட இருக்கியா?"

"இருக்கக் கூடாதா?"

"இருய்யா, யாரு வேணாம்னா. ஏழு பேரு ஆளுக்கு அம்பது ரூபா போட்டு மால வாங்கினோம். பூக்காரன் திருப்பி வாங்க மாட்டானே!"

அதற்குள் உள்ளேயிருந்து மகள் கைபேசியோடு ஓடிவந்தாள். பையன் பேசியிருக்கிறான். அவர்கள் வேன் கூட்ரோட்டிலேயே நின்றுவிட்டது.

"நைனா," என்றாள். "நீங்க செத்துட்டீங்கன்னு கூட்ரோட்ல போர்டு வச்சிருக்குதாம். அத்தை வண்டியத் திருப்பச் சொல்றாங்களாம்."

இரண்டு ஆட்டோ பிடித்தோம். முன்னதில் நானும் மகளும் கண்டக்டரும், கண்டக்டர் மடியில் மாலையும்.

கண்ணாடிக் கடைக்கு எதிரே, முந்தின நாள் கட்டிய சாரத்தில் தொங்கியது அது. சோகமாக எடுத்த படத்தை முகாமுக்கு முந்திய நிலை என்பதற்காகக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். சுற்றிலும் பூ பார்டர். படத்துக்குக் கீழே வைகாசி 9 என்று முகாம் நடந்த தேதி. தலைக்கு மேலே முழ நீள எழுத்தில் "கண்ணீர்". அந்த வரியின் மிச்சத்தையும் பேனரின் வலது பாதியையும் யாரோ ஒரு வீட்டார் மஞ்சள் நீராட்டு விழா பேனரைக் கட்டி மறைத்திருந்தார்கள். கண்ணீர் என்று தொடங்கி ஒரு கிழவன் படமும் தேதியும் இருந்தால், நம் ஊரில் அடுத்த சொல்லைப் படித்துப் பார்க்கவோ, ஒன்பதாம் தேதி செத்தவனைப் பதினெட்டு வரை எடுக்காமல் வைத்திருப்பார்களா என்று கணக்குப் பார்க்கவோ யாருக்கும் தேவைப்படாது. எனக்கே ஒரு நிமிடம் என் மேல் பரிதாபமாக இருந்தது.

வேனில் பதினாலு பேர். பழத்தட்டுகளைத் துணி போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மட்டும் கீழே நின்றார். என்னைப் பார்த்தார், மேலே படத்தைப் பார்த்தார்.

"கண்ணாடிய கழட்டுங்க."

கழற்றினேன்.

"இவருதான்," என்றார் வேனைப் பார்த்து. "போர்டுல இன்னும் கொஞ்சம் களையா இருக்காரு."

நான் உயிரோடு இருப்பது நிரூபணமாகியும் அவர் சமாதானமாகவில்லை. "நல்ல காரியத்துக்குக் கெளம்புன தட்டு, சாவு போர்டுக்குக் கீழ நின்னுடுச்சு. இன்னிக்கி வேணாம். ஆனி, ஆடி போவட்டும். ஆவணில பாக்கலாம்," என்றார்.

ஆவணியில் பார்க்கலாம் என்பதற்கு என்ன பொருள் என்று பதினோரு வரன் பார்த்த எங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கெஞ்சியும் அத்தை அசையவில்லை. பையன் இறங்கி வேனுக்கு அந்தப் பக்கம் நின்றான். என் மகள் ஆட்டோவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

அப்போதுதான் கடைக்கு வந்த முதலாளி எங்களைப் பார்த்து ஓடிவந்தார். பின்னாலேயே கேமராக்காரர்.

"சார், மன்னிச்சுக்கோங்க சார். ஆனா ஒண்ணு, நீங்க உயிரோட வந்து உங்க போர்டுக்குக் கீழயே நிக்கறீங்க பாருங்க, இத மட்டும் ஒரு சின்ன வீடியோவா..."

"மொதல்ல அந்த மஞ்சத்தண்ணி பேனரத் தூக்குய்யா!" என்று கத்தினேன். முப்பத்திரண்டு வருடம் பணிமனையில் கத்திய குரல் அப்படியே இருந்தது.

முதலாளி கடை ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியை எடுத்துவந்து மேல் பேனரின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். மறைந்திருந்த பாதி வெளியே வந்தது. கண்ணாடி மாட்டி நான் சிரிக்கும் கலர் படம். அதைவிட மூன்று மடங்கு பெரிதாக முதலாளி. மேலே, விட்டுப்போன சொல்.

அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். "கண்ணீர்... துடைப்போம்." இன்னொரு முறை படித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "அடப்பாவி! தொடைக்கறேன்னுட்டு ஊரையே அழவுட்டுட்டியேய்யா!" என்றார் முதலாளியிடம். வேனுக்குள் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். கண்டக்டர் மாலையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

"செத்தாருன்னு பேச்சு கெளம்பினா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. சம்பந்திக்கு இருந்த கண்டம் கழிஞ்சுது," என்றார் அத்தை. அந்தச் சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் என் மகள் தலைப்பை விட்டுவிட்டாள்.

ஆனால் மணி பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம்.

"இன்னிக்கி இந்த மனுஷன் விஷயத்துல எமகண்டத்துல மட்டும் எதையும் வச்சிக்க வேணாம். ஒன்றரைக்கு மேல தட்டு மாத்தலாம்," என்றார் அத்தை.

ஒன்றரை மணி வரை வந்தவர்களைப் பசியோடு நிறுத்த முடியுமா? வீட்டில் செய்திருந்தது கேசரியும் பஜ்ஜியும்தான். முதலாளி சந்தர்ப்பத்தை விடவில்லை. "எல்லாருக்கும் சாப்பாடு நம்ம செலவு சார். எதிர் ஓட்டல்லயே சொல்லிடறேன். பின்னால ஒரு சின்ன பேனர், 'மணமக்களுக்கு விருந்து உபயம்'னு..."

உண்மையைச் சொன்னால் எனக்குச் சபலம் தட்டியது. தலைகளை எண்ணி முடித்திருந்தேன்.

என் மகள் முன்னால் வந்தாள். "வேணாண்ணே," என்றாள். "எங்க நைனாவ ஒரு தரம் போர்டுல பாத்ததே போதும். எங்க ரெண்டு பேரையும் அதுல ஏத்தாதீங்க."

வேனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பையன், "ஆமாண்ணே," என்றான். அவன் என் காதுபடப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே ஏணி கொண்டுவரச் சொல்லித் தானே ஏறி என் படத்தை அவிழ்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து படம் எடுத்தால் தெளிவாக இருக்கும் என்று ஏணி மேல் நின்று கேமராக்காரருக்குச் சொல்லவும் செய்தார்.

நாங்கள் ஓட்டலுக்குப் போனோம். பணிமனை ஆட்களையும் விட்டுவிட முடியவில்லை, அழுதுகொண்டு வந்தவர்கள். மனைவியும் வந்து சேர்ந்தாள். ஒன்று முப்பத்தேழுக்கு என் வீட்டில் தட்டு மாற்றினோம். ஆவணியிலேயே கல்யாணம் என்று அத்தை தேதி குறித்தார். இந்த முறை ஆவணி என்றால் ஆவணிதான்.

ராத்திரி அந்த இலவசக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தேன். சாப்பாடு இருபத்து நாலு பேருக்கு, தலைக்கு நூற்று முப்பது வீதம், மூவாயிரத்து நூற்று இருபது. ஆட்டோ இரண்டுக்குப் போக வர முந்நூற்று இருபது. அத்தை ஆசைப்பட்டுக் கேட்ட இனிப்பு இரண்டு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. மாலைக் காசு வேண்டாம் என்று ஏழு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்கள், அது முந்நூற்றைம்பது. ஆக மொத்தம் நாலாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய்.