போர்வைக்கும் சட்டையா?

பஞ்சு அடைத்த கனத்த போர்வையான ரஜாய்க்கு உறை மாட்டுவதுதான் இப்போது என் பிழைப்பு. போடிமெட்டுக்குக் கீழே ஒரு ரிசார்ட்டில் நாள் முழுக்க இதே வேலை. உறைக்குள் தோள்வரை கையை விட்டு, பஞ்சு ரஜாயின் இரண்டு மூலைகளையும் பிடித்து, உதறிக் கையை வெளியே எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். தங்க வருகிறவர்களுக்கு அது வெள்ளை வெளேரென்று, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். உறங்கப் போகிறவர்கள்தானே, எப்படியும் கசக்கத்தானே போகிறார்கள் என்று கேட்டால் மேனேஜர் முறைப்பார். உறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அம்மா தைத்த அந்த முதல் உறை ஞாபகத்துக்கு வந்துவிடும். வேண்டாமென்றாலும் வரும், என்ன செய்ய?

அப்போது எனக்கு ஏழெட்டு வயது. மெட்டுச் சாலையோரம் தகரக் கூரை போட்ட சின்ன வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் அடுக்களை, அவ்வளவுதான். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளப் போவாள். சாயங்காலம் வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு யுகமாகும். அப்பா பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஏதோ இரும்புக் கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தார். முதலில் மாதம் தவறாமல் வந்தார். அப்புறம் விசேஷங்களுக்கு வந்தார். அப்புறம் போனில் வந்தார். பொங்கலுக்கு வருவார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மாவின் தம்பி ஜீப் ஓட்டினான். மலை பார்க்க வருகிற கூட்டத்தைக் கண்டு மாமாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. எங்கள் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டில் போட்டு, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது. நாங்கள் அடுக்களையில் படுத்துக்கொள்வது. "எத்தன நாளைக்குக்கா கூடையைச் சொமப்ப? வீட்ல இருந்தே பொழைக்கலாம்ல" என்று ஒரே பிடியாக நின்றான். அம்மாவுக்கு மறுத்துப் பேசவும் தெம்பில்லை.

அந்தச் சமயத்தில் மாமாவுக்குப் பாலக்காடு வரை ஒரு சவாரி கிடைத்தது. "அப்பா பொங்கலுக்கு என்னைக்கு வருவாருன்னு கேட்டுட்டு வாங்க மாமா" என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது ஜீப்பிலிருந்து ஒரு பெரிய ரஜாய்தான் இறங்கியது, எங்கேயோ மூடிப்போன ஹோட்டலில் வாங்கியது. நான் ஓடிப்போய்க் கேட்டேன். "வேல ஜாஸ்தியாம் பாப்பா" என்று என் தலையைத் தடவிவிட்டு, அம்மா இருந்த அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு வெளியே வந்து, எதுவுமே நடக்காத மாதிரி, "இதுக்கு ஒரு ஒற தைக்கணும்கா. நாளைக்குச் சாயங்காலம் ஆளு வருது" என்றான்.

"போர்வைக்கும் சட்டையா? நல்ல கூத்து" என்றாள் அம்மா. முகம் வெளுத்துப் போயிருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அப்பாவுடைய எட்டு முழ வேட்டிகள் மூன்று, துவைத்து மடித்து, அவர் வந்தால் கட்டுவதற்கென்று அதில் இருந்தன. மூன்றையும் தரையில் விரித்து, ரஜாயை மேலே போட்டு, கையால் முழம் போட்டுப் பார்த்து, கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். சரசரவென்று ஒரே ஓட்டம்.

தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் அப்பாவின் தங்கை, பக்கத்து வளைவில்தான் வீடு.

"அய்யோ மதினி, என்ன காரியம் பண்ணுறீக! இது கல்யாண வேட்டில்ல? புருசன் உசுரோட இருக்கையில வேட்டியக் கிழிப்பாகளா? எங்கண்ணன் பொங்கலுக்கு வந்தா எதைக் கட்டும்?"

அம்மா மிஷினை வாங்கி உட்கார்ந்து தைத்தாள். இரண்டு வேட்டிகளின் பச்சைக் கரை நடுவில் சேர்ந்து ஓடியது. அத்தை விடாமல் திட்டிக்கொண்டே துணியை இழுத்துக் கொடுத்தாள். ரஜாயை உள்ளே திணித்து, மெத்தைக்குத் தைக்கிற மாதிரி நாலு பக்கமும் மூடித் தைத்தும் முடித்தாயிற்று. மதியம் வந்து பார்த்த மாமா தலையில் அடித்துக்கொண்டான்.

"யக்கா, இது மெத்தையில்ல! ஆளு போகப்போகக் கழத்தித் தொவைக்கணும். ஒரு பக்கம் தொறந்து பட்டன் வைக்கணும்."

எங்கள் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் போர்த்தியதெல்லாம் எஸ்டேட் கம்பளி. அதை வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் போடுவதே பெரிய காரியம். "அட ஆண்டவா" என்று அம்மா பெருமூச்சு விட்டாள். பிளேடால் ஒரு பக்கத்துத் தையலைப் பிரித்தாள். பட்டனுக்கு எங்கே போக? கடைக்குப் போய்வர நேரமில்லை. மறுபடியும் டிரங்குப் பெட்டி திறந்தது. இந்தத் தடவை அப்பாவின் சந்தனக் கலர் சட்டை.

முதல் பட்டனை அறுத்ததும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, சட்டையுமா?"

"விடு. ஒங்கண்ணனுக்குத் தொவைச்சுப் போட அங்க ஆளு இருக்கு."

அத்தை கையை எடுத்துவிட்டாள். ஊசியில் நூலைக் கோத்துக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலேயே துணி துவைக்க ஆள் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, அப்பாவுக்கு யோகந்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா அடுக்களையில் என்ன சொன்னான் என்பது நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. கஞ்சிக்கோட்டில் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டியபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்தான் வந்து திறந்தாளாம். உள்ளேயிருந்து 'யாரது?' என்று கேட்டது அப்பாவின் குரலாம். மாமா உள்ளே போகாமலே திரும்பிவிட்டான்.

அன்றைக்கு எனக்கிருந்த கவலையெல்லாம் சட்டையைப் பற்றித்தான். பட்டன் இல்லாமல் அப்பா எப்படிப் போடுவார்? கேட்டே விட்டேன்.

அம்மா தலை நிமிராமல், "அது அப்பாவுக்கு இனிமே பத்தாது" என்றாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். கம்பெனிச் சாப்பாட்டில் அப்பா குண்டாகிவிட்டார்! நான் கைதட்டிச் சிரித்தேன். அத்தை முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இவளுக்கும் காய்ச்சல் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று எனக்குப் பட்டது.

"அப்ப பொங்கலுக்குப் பெரிய சட்டையா ஒண்ணு எடுத்து வைப்போம்மா" என்றேன்.

அம்மா கடைசிப் பட்டனுக்கு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சரி" என்றாள்.