ஒற்றைக் கண்ணுக்கு ஏற்ற ஆட்டம்

முப்பத்திரண்டு ஆட்டங்கள் என்று டிவி கேம் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான் இருந்தன. மீதியெல்லாம் அதே ஆட்டங்கள்தான். ஒன்று கொஞ்சம் வேகமாக ஓடும், இன்னொன்று தலைகீழாக நிற்கும். சிங்கப்பூரிலிருந்து அதைச் சுமந்துகொண்டு வந்த என் தம்பியிடம் சொன்னேன்.

"ஏன்க்கா, இதப் போயி யாராச்சும் எண்ணுவாங்களா?"

"எண்ணணும்டா. பிள்ளை கண்ணு விசயம்."

அப்போது மதுரையில் மொட்டைமாடிதோறும் ஆன்டெனா முளைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் திருப்பரங்குன்றத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். எங்களிடமும் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. என் மகளுக்கு ஆறு வயது. பிள்ளை எழுதும்போது தலையைச் சாய்க்கிறாள் என்று வகுப்பு டீச்சர் சொல்லி அனுப்பவே, மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன்.

"இடது கண்ணு சோம்பேறி ஆயிருச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "எல்லா வேலையும் வலது கண்ணே பாத்துருது. அதனால நல்லா இருக்கிற வலது கண்ண மூடுங்க. தினம் ரெண்டு மணி நேரம். சோம்பேறிக் கண்ண வேலை வாங்குங்க. ஏழு, எட்டு வயசு தாண்டிட்டா அப்புறம் கஷ்டம்."

ஏழு வயசு! வீட்டுக்கு வந்து காலண்டரில் மாதங்களை எண்ணினேன். இதை முன்பே கவனிக்காமல் என்ன பிள்ளை வளர்த்தேன் என்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளாஸ்திரி வாங்கி வந்தேன்.

பிளாஸ்திரியைப் பத்து நிமிடத்தில் பிய்த்துவிடுவாள். பாசிமணி கோக்கச் சொன்னால் மணி கட்டிலுக்கடியில் ஓடும். கறுப்புத் துணியில் எலாஸ்டிக் வைத்து மறைப்பு தைத்தேன். அதைப் பொம்மைக்குக் கட்டிவிட்டாள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அப்போதுதான் தம்பி இந்த டிவி கேம் பெட்டியோடு வந்து இறங்கினான். "கண்ணைக் கட்டினால்தான் விளையாட்டு" என்றேன். மூச்சுவிடாமல் வந்து முகத்தை நீட்டினாள்.

எனக்குத்தான் சந்தேகம் போகவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கோ சந்தேகமே இல்லை.

"ஏத்தா, படிச்ச பிள்ளை நீயி. நோவு கண்ண வச்சுக்கிட்டு டிவி முன்னாடி ஒக்கார வைப்பாகளா? இம்புட்டு வெளிச்சம் பட்டா கண்ணு அவிஞ்சுல்ல போகும்!"

மறுநாளே பஸ் ஏறி டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "சும்மா வெறிச்சுப் பாத்தா பிரயோஜனம் இல்லம்மா. உத்துப் பாக்கணும். உத்துப் பாக்க வைக்கிற ஆட்டமா இருந்தா ஆடட்டும்."

எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. நான் மிஷன் பள்ளியில் படித்தவள். எதை எடுத்தாலும் நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதிப் பழக்கியிருந்தார்கள். மகளின் பழைய வீட்டுப்பாட நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் கோடு போட்டேன். அவள் பள்ளிக்குப் போனபின் என் கண்களில் ஒன்றைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் செங்கல் ஆட்டம். மேலே செங்கல் சுவர், கீழே ஒரு மட்டை. நடுவில் பந்து போய்ப் போய்ச் சுவரை இடிக்கும். பந்தை விட்டுக் கண் நகர முடியாது, அது நன்மை. ஆனால் கடைசியில் மூலையில் ஒரே ஒரு செங்கல் மிஞ்சும். அதில் மட்டும் பந்து படவே படாது. நான் உலை வைத்துவிட்டு வந்து ஆடினேன், சோறு கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது, செங்கல் அப்படியே நின்றது. பெரியவளான எனக்கே கொட்டாவி வந்தால் குழந்தை என்ன ஆவாள்? பத்துக்கு ஐந்து.

பழம் பறிக்கும் ஆட்டம் பார்க்க அழகு. சிவப்புப் பழத்தைப் பறிக்க வேண்டும், பச்சைப் பழத்தைத் தொட்டால் செத்தோம். எங்கள் டிவியிலோ எல்லாப் பழமும் சாம்பல் நிறம். எட்டு முறை ஆடி எட்டு முறையும் செத்தேன். ஆட்டத்தின் குற்றமா, டிவியின் குற்றமா என்று நெடுநேரம் யோசித்துவிட்டு மதிப்பெண் போடாமல் விட்டேன். பிறகு நியாயம் இல்லையோ என்று தோன்றி இரண்டு போட்டேன்.

சாலையைக் கடக்கும் ஆட்டத்தில் வருவது கோழி என்றான் தம்பி. எனக்கு அது கால் முளைத்த கத்திரிக்காயாகத்தான் தெரிந்தது. குறுக்கும் நெடுக்குமாக வண்டிகள் வரும், நடுவில் புகுந்து போக வேண்டும். பஸ் நிலையத்தின் முன்னால் தினமும் நான் செய்வதுதான். நன்றாக உற்றுப் பார்க்க வைக்கிறது. ஆனால் அடிபட்டதும் கோழி சப்பையாகி ஒரு முனகல் சத்தம் போடும். அன்று மாலை மகள் அதைக் கேட்டுவிட்டு, "பாவம்மா அது, வீட்டுக்குத்தான போகுது" என்று தேம்பித் தேம்பி அழுதாள். அழுத கண்ணை எப்படி வேலை வாங்குவது? நான்கு.

அடுத்த நான்கு ஆட்டங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் புகழ்ந்தது விண்கலத்தைத்தான். மேலிருந்து பூச்சிகள் போல எதிரிகள் இறங்குவார்கள், நாம் கீழிருந்து சுட வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்து படம் சுருங்கும்போது எதிரிகளும் இளைத்துப் போவார்கள். தம்பி கட்டில்மேல் ஏறி நின்று சுடுவான். ஆடும்போது எனக்கும் நெஞ்சு படபடத்தது. உண்மையைச் சொன்னால், பிடித்திருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு பொத்தானை மட்டும் விடாமல் அமுக்கிப் பார்த்தேன். திறந்து பார்த்தால் தம்பியை விட நான் அதிகம் எடுத்திருந்தேன்!

கண்ணே இல்லாமல் ஜெயிக்கிற ஆட்டம் எங்களுக்கு எதற்கு? துள்ளிக் குதித்துப் பூஜ்யம் போட்டேன். அந்த நேரம் பார்த்து என் கணவர் ஆபீசிலிருந்து வந்து வாசலில் நின்றார். முகத்தில் கைக்குட்டைக் கட்டு, கையில் கேம் பெட்டியின் விசைப்பிடி, தலைமுடி அவிழ்ந்து கிடந்த நிலையில் இருந்தேன்.

"இந்தா, காப்பி கெடைக்குமா, இல்ல இன்னும் யாரையாச்சும் சுடணுமா?"

"கொஞ்சம் இருங்க. இன்னும் மீன் ஆட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு."

மீன் ஆட்டந்தான் வென்றது. ஒரு குளம், நிறையப் பாசி, மேலே ஒரு தூண்டில். பெரிய மீனுக்கு மதிப்பெண் குறைவு. பாசிக்குள் ஒளிந்திருக்கும் பொடி மீனுக்குத்தான் அதிகம். அவசரம் இல்லை, சாவு இல்லை, அழுகை இல்லை. பொடி மீனை உற்றுப் பார்க்காமல் பிடிக்கவே முடியாது. மூன்றே ஸ்வரத்தில் ஒரு பாட்டு ஓயாமல் வரும், அது ஒன்றுதான் குறை. கீழ் வீட்டுக்காரர் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சைக்கிள் துடைப்பதைக் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு ஒன்பது போட்டேன்.

தினமும் மாலையில் மறைப்பைக் கட்டி மீன் பிடிக்க விட்டேன். எதிரே நிற்பவரின் வலது எது, இடது எது என்பதில் நான் எப்போதும் தடுமாறுவேன். அதனால் ஓர் உபாயம் செய்தேன். திருஷ்டிப் பொட்டை முதல் நாள் பார்த்துப் பார்த்து மகளின் வலது கன்னத்தில் வைத்தேன், பிறகு தினமும் அந்தத் தடத்தின் மேலேயே வைப்பேன். பொட்டு இருக்கும் பக்கத்துக் கண்ணை மூட வேண்டும், அவ்வளவுதான். முதலில் பதினைந்து, இருபது எடுத்தாள். டிவிக்கு ஒரு முழத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு இருப்பாள். ஒரு மாதத்தில் நாற்பது வரை வந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தொண்ணூற்றாறு எடுத்தாள்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை நூற்றுப்பத்து. ஞாயிற்றுக்கிழமை நூற்று முப்பது. சுவரோரம் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அங்கிருந்தபடியே பொடி மீன்களை அள்ளினாள். நான் கீழ் வீட்டில் சொன்னேன், மாவு மில்லில் சொன்னேன், கறிக்கடை வாசலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடமும் சொன்னேன். கணவர் ஆபீசில் எல்லோருக்கும் போளி வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை நல்ல செய்தி எனக்கு உறுத்த ஆரம்பித்தது. இவ்வளவு நல்லது எனக்கு நடக்குமா? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணை மூடவும் என்று தெளிவாக இருந்தது. மீன் பிடித்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்:

"சோறு சாப்பிடுற கையத் தூக்கு பாப்பா."

தூக்கினாள். மறைப்பு அந்தப் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே பொட்டும் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன்.

"ஆமாத்தா, வெள்ளிக்கெழமை தலைக்கு ஊத்தி விட்டேன்ல, அப்ப நாந்தான் மாத்தி வச்சேன். நோவு உள்ள கண்ணு பக்கந்தான திருஷ்டி படும்? நல்ல கண்ணுக்கு எதுக்குக் காவலு?"

விளக்கெண்ணெய் மை லேசில் அழியாது. அவர் வைத்த பொட்டின் தடத்தின் மேலேயே நான் தினமும் பொட்டு வைத்து, அந்தப் பக்கத்துக் கண்ணையே கட்டியிருக்கிறேன். நான்கு நாள் நல்ல கண் ராஜாவாக ஆடியிருக்கிறது, சோம்பேறிக் கண் இருட்டில் தூங்கியிருக்கிறது.

"ஏன்டி, நீயாவது சொல்லக் கூடாதா?"

"நீதானம்மா கட்டுன. நல்லாத் தெரிஞ்சுச்சு, அதான் பேசாம இருந்தேன்."

என் கணவர் சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது. "போளிய எல்லாம் திருப்பிக் கேக்கவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நாளில் இருந்த பார்வையும் போயிருந்தால்? முன்பு எடுத்த நாற்பது மதிப்பெண்ணாவது உண்மைதானா? அதற்கு முன்பும் எத்தனை நாள் மாற்றிக் கட்டினேனோ?

மறுநாள் காலை டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, மை, மீன், விண்கலம், போளி எதையும் விடவில்லை. அவர் மகளின் வலது கண்ணைத் தன் கையால் மூடினார். எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. முதல் தடவை இடது கண்ணால் மேலே இருந்த ஒரே பெரிய எழுத்தைத்தான் அவள் சொன்னாள். நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதைச் சொன்னாள். மூன்றாவது வரியில் நின்றாள். பிறகு மீன் பிடிக்கும்போது செய்வதுபோல முகத்தைச் சுளித்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துச் சொன்னாள். நான்காவதில் பாதி.

"நாலு நாளு லீவு விட்டா ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் டாக்டரம்மா. "கண்ணு முழிச்சுக்கிருச்சு. விடாம செய்ங்க. ஆமா, அந்தச் சுடுற ஆட்டம் நெசமாவே கண்ண மூடிக்கிட்டு ஆடலாமா?"

"நீங்க வேணும்னா வந்து பாருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, டாக்டரை இப்படி வீட்டுக்கு அழைத்தது தப்போ என்று படியிறங்கும்வரை யோசித்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மகளே மறைப்பை எடுத்து வலது கண்ணில் மாட்டிக்கொண்டாள். சரியான பக்கந்தானா என்று அவளைக் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது.

"நான் வாசிக்கிறேம்மா. தி... ரு... ப்... ப..."

பஸ் வந்து நின்றது. சனம் ஏறியது. அவள் பஸ்ஸின் நெற்றிப் பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ர... ங்..."

"ஏறுறீங்களா இல்லையாம்மா?" என்றார் கண்டக்டர்.

கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. அவளும் கூடவே நான்கு எட்டு ஓடி, "குன்... ற... ம்!" என்று பஸ்ஸின் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.

"நம்ம ஊரு பஸ்ஸும்மா அது!"

"ஆமாடி" என்றேன். நடைபாதையில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அடுத்து வந்தது திருவாதவூர் பஸ். அது எங்களுக்குரியது அல்ல. அதையும் அவள் வாசிக்கத் தொடங்கினாள்.