வெள்ளிக்கும் நொச்சிக்கும் நடுவே ஒரு கை உப்பு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மாலதியின் ஒரு வருஷப் படிப்பு, கீரை கழுவுகிற சட்டிக்குள்ளிருந்து மீண்டு வந்தது. நம்ப முடிகிறதா, பிள்ளைகளே?

மாலதி ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் கிருமிகளைப் பற்றி எம்.எஸ்சி. படிக்கிறாள். நொச்சி இலையை வேகவைத்து, அந்தச் சாற்றை வெள்ளி நைட்ரேட் என்ற மருந்து கரைந்த தண்ணீரில் விட வேண்டும். தெளிந்த தண்ணீர் மெல்லத் தேநீர் நிறமாகும். வெள்ளி, கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பிறக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்தப் பொடி கிருமியைக் கொல்லுமா? அதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். நொச்சி இலையை வீட்டிலிருந்து என் மனைவிதான் கொடுத்தனுப்புவாள்.

ஆனால், எத்தனை தடவை செய்தாலும் கண்ணாடிக் குடுவையில் மோர் மாதிரி வெள்ளையாகவே கலங்கியது. புதன்கிழமை தேர்வாளர் வருகிறார். காட்ட எதுவும் இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்!

ஞாயிறு மத்தியானம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு அடுப்படி. என் மனைவி அரைக்கீரையைச் சட்டித் தண்ணீரில் போட்டு, ஒரு கை கல் உப்பையும் அள்ளிப் போட்டாள். பார்த்துக்கொண்டிருந்த மாலதி துள்ளி எழுந்தாள்.

"ஏம்மா, நொச்சியையும் இப்படித்தான் கழுவிக் குடுத்தியா?"

"பின்ன? பூச்சி, புழு இருந்தா? உப்புத் தண்ணியில ஊறப் போட்டுல்ல குடுத்தேன்."

"போச்சு! வெள்ளித் தண்ணியில உப்பு பட்டாலே வெள்ளையாத் திரிஞ்சிரும்மா!"

"ஏட்டி, நீ கிருமியைக் கொல்லத்தான படிக்க? நானும் அதைத்தான செஞ்சேன்? என்னைய எதுக்கு வையுத?"

மாலதிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்... நான் சைக்கிளை எடுத்தேன். செண்பகத்தோப்பு ரோட்டு வேலியில் புது நொச்சி பறித்தேன். பேட்டரிக் கடையில் உப்பே இல்லாத டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன். அதில்தான் அலசினோம். "இது பேட்டரி குடிக்கிற தண்ணியாச்சே!" என்று என் மனைவி முனகினாள். ஆனாலும் உப்பு ஜாடியைத் தானே எடுத்துப் பரணில் வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை மாலதி கல்லூரியில் தன் மேடத்திடம் அனுமதி வாங்கி, எங்களையும் லேபில் ஓரமாக உட்காரவைத்தாள். சாற்றை விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. செத்த நேரத்தில் இளமஞ்சள்... பிறகு தேன்... பிறகு நல்ல டிகாஷன் நிறம்! பெரிய மெஷின் இல்லை, கரண்ட் இல்லை. வேலியில் ஆடு கடிக்கிற இலை, தண்ணீருக்குள் வெள்ளியைச் செய்கிறது.

கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டில் ஒரு பக்கம் வெறும் நொச்சிச் சாறு, மறு பக்கம் இந்தத் தேநீர்த் தண்ணீர் என்று ஒவ்வொரு சொட்டு வைத்தாள்.

மறுநாள் போய்ப் பார்த்தோம். தட்டு முழுக்கக் கிருமி, கஞ்சி ஆடை மாதிரி படர்ந்திருந்தது. சாறு வைத்த இடத்திலும் அப்படியே. தேநீர்ச் சொட்டைச் சுற்றி மட்டும் கண்ணாடி மாதிரி பளிச்சென்று ஒரு வட்டம். லட்சக்கணக்கான உயிர்கள் அந்தக் கோட்டோடு நின்றுவிட்டன!

"அப்பா, மருந்துன்னு நெனச்சு யாரும் குடிச்சிராதீங்க. அதுக்கு இன்னும் ரொம்பத் தூரம் இருக்கு" என்றாள் மாலதி. உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

என் மனைவி தட்டை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "இந்த வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்லையேட்டி?"

"அதாம்மா ரிசல்ட்டு!"

புதன்கிழமை தேர்வாளரும் அதைத்தான் உற்றுப் பார்த்தாராம். ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டி மார்க் வாங்கிய ஒரே ஆள், எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள்!