ஏரிக்கரை லாட்ஜில் மல்லிகைப்பூ

ஏற்காட்டில் நாங்கள் தங்கிய லாட்ஜில் எங்களைப் புதுமணத் தம்பதி என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எண்பதுகளில் சேலத்துப் பக்கம் கல்யாணம் முடித்தவர்கள், ஊட்டி வரைக்கும் போகக் கையில் காசு இல்லாவிட்டால், ஏற்காட்டுக்குத்தான் வருவார்கள். எனக்குச் சின்ன வயது. அவருக்கு மீசைகூடச் சரியாக அடரவில்லை. ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்க், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர். புது ஜோடிக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

உண்மையில் எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குழந்தை செத்துப்போய் அப்போதுதான் சில நாட்கள் ஆகியிருந்தன.

பெண் குழந்தை. தலைப்பிரசவத்துக்கு ஆத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேதான் பிறந்தாள். பெயர் வைக்கும் நாள் வருவதற்குள் காய்ச்சல் கண்டு போய்விட்டாள். பெயர் இல்லாததால் அவளைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. முதலில் 'அது' என்றார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். என் கணவரோ 'அது' என்றுகூடச் சொன்னதில்லை.

நான் அழவில்லை. என்னை அழவைக்க அம்மா தலைகீழாக நின்று பார்த்தாள். வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், படு என்றால் படுத்தேன். அம்மா எனக்கும் சேர்த்து அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் சேலத்துக்கே போகிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அங்கே என்ன இருக்கிறது என்பது தெரிந்தேதான் போனேன். என் நாத்தனாரும் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்குப் பையன் பிறந்திருந்தான். பக்கத்து அறையில் அவன் அழும்போதெல்லாம் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது, உடம்புக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை போலிருந்தது.

வீட்டில் பையனுக்குத் தொட்டில் போடும் விசேஷம் வந்தது. அந்த வாரம்தான் மாமியார் மகனைக் கூப்பிட்டு, ஏற்காட்டுக்குப் போய்விட்டு வரச் சொன்னார்.

"காத்து மாறுனா மனசு தேறும் கண்ணு. நாலு நாள் இருந்துட்டு வாங்க" என்று என் தலையையும் தடவினார்.

பக்கத்து அறையில் தன் மகளுக்குப் பச்சை உடம்பு என்று ஜன்னலைக்கூடத் திறக்க விடாதவர், அதே பச்சை உடம்போடு இருந்த என்னை ஏற்காட்டுக் குளிருக்கு அனுப்பினார். காரணம் புரியாமல் இருக்க நான் குழந்தையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் கண் தொட்டில் பிள்ளைமேல் படக்கூடாது. ஆத்தூருக்கு அனுப்பினால் ஊர் பேசும். ஏற்காட்டுக்கு அனுப்பினால் மருமகளை எப்படித் தாங்குகிறார்கள் என்று மெச்சும். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பஸ்ஸில் மலையேறும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். எங்களுக்கு ஒரு குழந்தை இருந்தது என்று இந்த மனுஷன் வாயால் ஒரு தடவையாவது சொல்லவேண்டும். திரும்பி வருவதற்குள் சொல்லாவிட்டால், சேலத்தில் இறங்கியதும் ஆத்தூர் பஸ் ஏறிவிடுவேன். அப்புறம் அந்த வீட்டுப் படியை மிதிக்கமாட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொடுத்துப் பேசவைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை.

லாட்ஜ் ஏரியின் ஓரத்தில் இருந்தது. ஓட்டுக் கூரை, ஈரம் காயாத கம்பளிகள், கதவைத் திறந்தால் தண்ணீர். லாட்ஜைப் பார்த்துக்கொண்ட அக்கா கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். அவர் கணவர் ஏதோ எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அக்காதான் சமையல், சாவி, அதிகாரம் எல்லாம். எங்களைப் பார்த்ததும் ஏரியைப் பார்த்த மூலை அறையைத் திறந்துவிட்டார்.

"கண்ணாலமாயி வர்றவங்களுக்கு இந்த ரூமுதானுங்க குடுக்கறது" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, "சரிங்க" என்றார்.

பால் வற்றுவதற்கு எங்கள் பக்கத்தில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். ரவிக்கைக்குள் பூவை நெருக்கமாகப் பரப்பி, மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். தினமும் புதுப் பூ வைக்க வேண்டும். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் அவர் காலையில் எழுந்ததும் பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஏரியைச் சுற்றிக் கடைவீதிக்குப் போவார். சேலத்திலிருந்து முதல் பஸ்ஸில் பூ வரும். வாழையிலையில் கட்டிய பொட்டலத்தோடு திரும்பி வருவார். என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய், ஏரிப் பக்கம் பார்த்தபடி நிற்பார். கட்டி முடித்ததும் நான் கதவைத் திறப்பேன். இதுதான் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை.

முந்தின நாள் பூவை எடுத்துக் குப்பைக்கூடையில் போடுவேன். நசுங்கி, பழுப்பேறி, ஒரு கூடை நிறைய. அறையைப் பெருக்க வரும் அக்கா அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

"தம்பி நொம்ப ஆசக்காரரு போல. தெனமும் இத்தன பூவா?" என்றார் ஒரு நாள். "நசுங்கிக் கெடக்கறதப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்குது கண்ணு."

நானும் சிரித்தேன். சாயங்காலமானால் இரண்டு டம்ளர்களில் சுண்டக் காய்ச்சிய பால் அனுப்புவார். புது ஜோடிகளுக்கு அது அந்த லாட்ஜின் வழக்கம். என் கணவர் தன் டம்ளரைக் குடித்துவிடுவார். நான் என்னுடையதை வாஷ்பேசினில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவேன். அவர் பார்ப்பார்.

பகலில் நடந்தோம். அறையில் உட்கார்ந்திருந்தால் பேச வேண்டிவரும் என்பதால் நடந்தோம் என்றுதான் நினைக்கிறேன். லேடீஸ் சீட்டுக்குப் போனோம். கீழே சேலம் தெரியும் என்றார்கள். பனிதான் தெரிந்தது. பகோடா பாயின்ட்டுக்குப் போனோம். அங்கேயும் பனிதான். ஏரித் தண்ணீர் வழிந்தோடும் பக்கமாக அருவிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இறங்கும். அதிலும் போனோம். அவர் முன்னால் போய், வழுக்கும் இடத்தில் நின்று கையை நீட்டுவார். நான் பிடித்துக்கொண்டு இறங்கி, விட்டுவிடுவேன். பாதையில் எதிர்ப்பட்டவர்கள் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். மலையில் எல்லோருக்கும் புது ஜோடியைப் பிடிக்கிறது.

அந்தப் பாதை ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரமாகப் போகும். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். அப்படி ஒரு மரத்துக் கிளையில் பழைய சேலையில் தூளி கட்டியிருந்தார்கள். நாங்கள் அருகில் போகும்போது உள்ளேயிருந்து குழந்தை வீறிட்டது. வேலை செய்கிற பெண்கள் தள்ளி மேட்டில் இருந்தார்கள். குரல் கேட்கவேண்டிய தூரம்தான், ஆனாலும் யாரும் வரவில்லை.

என் கால்கள் நின்றன. பூவையும் துணியையும் தாண்டிப் பால் இறங்கி, சேலை முன்பக்கம் நனைந்தது. எனக்குள் வேறு எதுவும் அசையவில்லை. ஏதோ தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்கிற மாதிரி நனைந்த சேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் பார்த்தார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் முன்னால் பிடித்தார்.

இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். இதைவிட வேறு என்ன வேண்டும் ஒருவருக்கு?

"போலாம் வா. மழ வர்ற மாதிரி இருக்குது" என்றார்.

அதற்குள் மேட்டிலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்து, மரத்தடியில் உட்கார்ந்து மாராப்புக்குள் வைத்துக்கொண்டாள். அழுகை பட்டென்று நின்றது. அவர் முகத்தை எதிர்ப்புற மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிளம்பும் நாள் காலையில் துணியை அவிழ்த்தபோது பூ காய்ந்தே இருந்தது. மார்பு இளகி, லேசாக, பழையபடி இருந்தது. அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அவர் பொட்டலத்தோடு வந்து நீட்டினார்.

"இனிமே பூ வேண்டாங்க. நின்னு போச்சு" என்றேன்.

"முழுசுமாவா?"

"முழுசுந்தான்."

அவர் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. குழந்தைக்காக அவர் செய்துவந்த ஒரே வேலை அது. அன்றோடு அதுவும் போயிற்று. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைக்குப் பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

சாவி வாங்க வந்த அக்கா பொட்டலத்தைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க தம்பி, வாங்கிட்டு வந்துட்டு கையிலயே வெச்சுட்டு நிக்கறீங்க?" என்று பிடுங்கி, பிரித்து, அவ்வளவு பூவையும் என் தலையில் சுற்றிவிட்டார். அம்மா வைத்துவிடுகிற மாதிரி பின்னலை இழுத்து இழுத்து வைத்தார். பிறகு என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டார்.

"அடுத்த வருசம் கைக்கொழந்தையோட வரோணும், ஆமா. தூளி கட்டறதுக்குக் கொக்கி அந்த ரூமுலயே இருக்குது."

என் கணவர் சிரிக்க முயன்றார். "சரிங்க, வர்றோமுங்க" என்றார்.

அந்தச் 'சரிங்க' எனக்குப் போதுமாயிருந்தது. ஆத்தூர் பஸ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வருத்தமோ நிம்மதியோ இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்று குடையை எடுத்து வைத்துக்கொள்வதுபோல் இருந்தது.

பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அடுத்து அவர். நடைபாதைக்கு அந்தப் பக்கம் மலைக்கிராமமான வாழவந்தியிலிருந்து வந்த ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயச் சாய, குழந்தை அழ ஆரம்பித்தது. பழக்கத்தில் என் கை முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டது.

நனையவில்லை. காத்திருந்தேன். குழந்தை வீறிட்டு வீறிட்டு அழுதது. என் உடம்பு ஏன் என்று கேட்கவில்லை. அவளைச் சுமந்து, பெற்று, பால் கொடுத்ததற்கு என்னிடம் மிச்சமிருந்த ஒரே சாட்சி அது. அதுவும் வற்றிவிட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

அந்தப் பெண் தன் குழந்தையைத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். என் தலை நிறைய இருந்த பூவைப் பார்த்தாள்.

"அழுவாத கண்ணு. புதுசுல அம்மா நெனப்பு வரத்தான் செய்யும்" என்றாள். பிறகு அவரிடம், "கண்ணாலமாயி எத்தன நாளுங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

அவர் 'சரிங்க' என்று ஏதாவது சொல்லுவார் என்று இருந்தேன்.

"அதுக்கு அழுவலீங்க" என்றார். குரல் உடைந்து, பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பும்படி வந்தது. "எங்களுக்கு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துதுங்க. செத்துப் போச்சு."

மாமியாரைப் போல அந்தப் பெண்ணும் என் கண் படாமல் பிள்ளை முகத்தை மூடிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். மூடவில்லை. மடியில் சரியாக வைத்துக்கொண்டு, வீட்டில் விருந்தாளியை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"என்ன பேருங்க வெச்சீங்க புள்ளைக்கு?"

வைக்கவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு பெயரைச் சொன்னார். யோசிக்காமல், தினமும் கூப்பிட்டுப் பழகினவர் மாதிரி சொன்னார். நான் அதை அதற்கு முன் கேட்டதேயில்லை. இன்றுவரை எங்கள் இருவருக்கும், வாழவந்திக்காரி ஒருத்திக்கும் மட்டுமே தெரிந்த பெயர் அது.

சேலத்தில் இறங்கியபோது ஆத்தூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. நடத்துநர் என்னைப் பார்த்து, "ஆத்தூரா? ஏறுங்கம்மா" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு, என் கணவருக்குப் பின்னால் தொட்டில் போட்ட வீட்டுக்கு நடந்தேன்.