கயிறு தொடாத சிப்பாய்

முல்லைத்தீவுக் கரையில் படகு மெஷின் திருத்தும் தோமஸுக்குக் கடல் ஒத்துவராது. படகில் ஏறினால் குமட்டிச் சத்திதான். ஆனாலும் மாதா கோயில் பெருநாள் கூத்தில் கப்பற்படைச் சிப்பாய் வேடம் வருடா வருடம் அவருக்கே.

அதில் ஒரு பொருத்தமும் உண்டு. பாய்க்கப்பல் காலத்துப் போர்க்கப்பல்களில் போன சிப்பாய்கள் மாலுமிகள் அல்லர். பாய்மரத்தில் ஏறு என்று அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. சண்டை வந்தால் சுடவேண்டும். வராவிட்டால், மாலுமிகள் கலகம் செய்யாதபடி கப்டனின் அறை வாசலில் துவக்கோடு நிற்கவேண்டும். கூத்தைக் கட்டிய அண்ணாவியார் இன்னும் ஒரு படி மேலே போய், சிப்பாய் கயிற்றையே தொடக்கூடாது என்று வைத்துவிட்டார்.

இவ்வளவு காலமும் கப்பல் மேடையில்தான் நின்றது. இந்த ஆவணியில் புதிய பங்குத்தந்தைக்கு ஓர் ஆசை: இரண்டு படகுகளைப் பிணைத்து, பலகை அடித்து, கடலோரக் களப்புத் தண்ணீரிலேயே ஆடினால் என்ன? தோமஸுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே பார்க்கச் சத்தி எடுப்பதை நினைத்து, வேடத்தை விட்டுவிடலாமா என்று வீட்டில் மெல்லக் கதையெடுத்தார். கூத்தில் கலகக்காரர் தலைவனாக ஆடும் மனைவியின் தம்பி நிறோஜன் அங்கே இருந்தான்.

“அத்தான், துவக்கு நீட்டுறதோ சத்தி எடுக்கிறதோ, எதை முதல் செய்வியள் எண்டு சொல்லிப்போடுங்கோ. சனம் குழம்பிப்போகும்.”

அதற்குப் பிறகு எப்படி விடுவது? மனைவி புனிதமலர் சிவப்புக் கோட்டுப் பையில் ஒரு தேசிக்காயை வைத்து, குமட்டினால் எடுத்து மணந்துகொண்டு நிற்கச் சொன்னா.

கப்பலைப் பிணைத்த நிறோஜன் ஆட்கள் பெருங்கடற்காரர். களப்பில் இறால் பிடிப்பவர்களிடம் போய் ஆழம் கேட்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். வெறும் படகு நன்றாக மிதந்தது, போதும் என்று விட்டார்கள். பெருநாளன்று பாய்மரமும் மத்தளமும் ஆட்களும் ஏறியதும் கப்பல் கொஞ்சத் தூரம் போய்ச் சேற்றில் அமர்ந்துகொண்டது. கப்டன் பாட்டை மறந்து, எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். கலகக்காரரும் கப்டனின் விசுவாசிகளும் தொடையளவு சேற்றில் ஒற்றுமையாக நின்று தள்ளினார்கள். கப்பல் அசையவில்லை.

“அத்தான், நீங்களும் இறங்குங்கோவன்,” என்றான் நிறோஜன்.

தோமஸ் துவக்கைத் தோள் மாற்றினார். “சிப்பாய் கயிறே தொடான், மச்சான். சேறு எப்பிடித் தொடுவான்?”

கடைசியில் நின்ற இடத்திலேயே கூத்து நடந்தது. களைத்துப்போன மாலுமிகள் கலகத்தை அவசரமாக முடித்துக்கொண்டு சரணடைந்தார்கள். கோயில் சுவர்போல அசையாத கப்பலில், தோமஸ் என்றுமில்லாத குரலில் வெற்றிப் பாட்டைப் பாடினார்.

தேசிக்காய் முழுதாகவே வீடு திரும்பியது. புனிதமலர் அதைப் பிழிந்து, சீனி போட்டு, தம்பிக்குக் கரைத்துக் கொடுத்தா.