வடகரைத் தோப்பில் மார்கழித் தொட்டில்

ஹேமாக்கில், அதாவது இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கவிடும் துணிப் படுக்கையில், படுப்பதெல்லாம் கோடைக்குத்தான், பனிக்காலத்துக்கு ஆகாது என்று பலபேர் எழுதியிருக்கிறார்கள். நான் நம்பவில்லை. அடிபட்ட கார்களைப் பார்த்து, இன்சூரன்ஸ் கேட்பவர் சொல்வது நிஜந்தானா என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். வண்டியை மாடு முட்டியதா, இவரே கேட்டில் இடித்தாரா என்று இருபது வருஷமாகப் பார்த்ததில், காலையில் வரும் பால்காரரைக்கூட ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

ஆனால் போன மார்கழியில் நண்பரின் வயலில் தனியாகக் கட்டிப் படுத்து, நெஞ்சில் விசில் அடிக்க வீடு திரும்பினேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ஆவி பிடித்தேன். என் மனைவி செல்விக்குச் சொந்த ஊர் சுரண்டை. அவள் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு மட்டம் விசில் கேட்டுச்சுன்னா உங்க தொட்டில் பரண்ல ஏறிரும். பொறவு கேக்கப்பிடாது." அவள் அதைத் தொட்டில் என்றுதான் சொல்வாள். இந்த வருஷம் கிளம்பும்போது, "உங்க பேச்ச நம்ப முடியாது, நானும் வருதேன்" என்று தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள். ஆக, இந்த ஒரு ராத்திரியில் என் நெஞ்சு ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் பரண்.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருநெல்வேலியிலிருந்து பைக்கில் கிளம்பினோம். தென்காசி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். போக வர இருநூற்றைம்பது ரூபாய் பெட்ரோல் போதும். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நிறுத்தி, நாலு காலிச் சாக்கு வாங்கினோம். உரச் சாக்காக இருந்து நெடி நெஞ்சில் ஏறினால் என் கதை முடிந்தது. அதனால் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தேன். மூட்டை இறக்கிக் கொண்டிருந்தவர், "அண்ணாச்சி, அதுல வெங்காயம்தான் இருந்துச்சு, மல்லிப்பூ இல்ல" என்றார். செல்வி சிரித்த சிரிப்பில் ரோடே திரும்பிப் பார்த்தது.

குற்றாலத்தில் கூட்டம் இல்லை, தண்ணீரும் குறைவு. சீசன் இல்லாத நாளில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதுதான் நிம்மதி. செல்வி ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்தாள். நான் கரையில் துணிப்பைக்குக் காவல். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று ஒருவர் மூன்று தடவை வந்து, நெஞ்சுச் சளிக்கு நல்லது என்றார். என் நெஞ்சைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்தால் நான் இருமிக் கொண்டேதான் இருந்திருக்கிறேன்.

மூன்றரைக்குச் செங்கோட்டை வழியாக வடகரை போய்ச் சேர்ந்தோம். மலையடிவாரக் காட்டுக்குள் கட்டிப் படுக்க நினைக்காதீர்கள். வனத்துறை விடாது, விடாமல் இருப்பதே நல்லது. தனியார் தோப்பில் சொல்லி வைத்துப் போவதுதான் முறை. செல்வி தன் சித்தப்பா மூலம் சுப்பையா அண்ணாச்சி என்ற தென்னந்தோப்புக்காரரிடம் போனில் பேசி வைத்திருந்தாள். அவருக்கு அறுபது வயது இருக்கும். வெயில் இறங்குமுன்னே மப்ளர் சுற்றி, மேலே ஒரு சால்வையும் போர்த்தியிருந்தார். "ஒரு ராத்திரிக்கு எவ்வளவு அண்ணாச்சி?" என்றேன்.

"காசா? அதெல்லாம் வேண்டாம். நீங்க வந்ததே போதும்."

எனக்கு அங்கேயே மணி அடித்தது. காசு வேண்டாம் என்று சொல்லும் பார்ட்டியை என் தொழிலில் இரண்டு தடவை விசாரிப்போம். அதற்குள் எனக்கு இருமல் வந்தது. அண்ணாச்சி முகம் மலர்ந்துபோனது.

"ராத்திரியும் இப்படித்தான் இருமுவீயளோ?"

"பனி பட்டால் இருமுவேன். ஏன்?"

"ரொம்ப நல்லது" என்றார்.

ஒரு மனுஷன் இருமுவது எந்த ஊரில் நல்லது? பிறகு தன் கையாலேயே என் தலைமாட்டில் ஒரு கயிற்றை இழுத்து வந்து கட்டினார். அதன் மறுமுனை வேலியோரம் தொங்கிய தகர டின்களுக்குப் போனது. "முழிப்பு வந்தா சும்மா ரெண்டு இழுப்பு இழுங்க. காத்தாட இருக்கும்." தகரம் இழுத்தால் காற்று எப்படி வரும் என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, மடியிலிருந்து எதையோ எடுத்து வாயில் வைத்தார். சரக்குதான். சந்தேகமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதற்குமேல் அங்கே நிற்காமல் ஊருக்குள் போய்விட்டார்.

"செல்வி, இந்த ஆள் சரியில்லை. நாம தூங்கினதும் பைக்கைத் தூக்கப் போறான்."

"உங்க பைக்க அந்த மனுசன் தூக்குனா அவருக்குத்தான் செலவு. பேசாம தொட்டிலக் கட்டுங்க."

கட்டும் முறையை விவரமாகச் சொல்கிறேன். முதலில் அண்ணாந்து பாருங்கள். தென்னையில் கட்டவே கூடாது, காய் விழுந்தால் இன்சூரன்ஸ்கூடக் கிடைக்காது, நான் சொல்கிறேன். தோப்பின் ஓரத்தில் மாமரங்கள் இருந்தன, அவற்றில் கட்டினோம். கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க, உடைத்துப் போட்ட கார்களிலிருந்து வாங்கிய சீட் பெல்ட்டை மரத்தில் சுற்றினேன். இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் தொய்வாக விட்டு, குறுக்குவாட்டில் படுத்தால் முதுகு நேராக இருக்கும்.

இனி குளிர். போன வருஷம் நான் செய்த மடத்தனம், இரண்டு கம்பளியை மேலே போர்த்தியது. ஹேமாக்கில் குளிர் மேலேயிருந்து வருவதில்லை. முதுகுக்கு அடியில் காற்று ஓடுகிறது. அடியில் மடிந்த கம்பளியோ உடம்பு எடையில் நசுங்கி அப்பளமாகிவிடும். வெளிநாட்டில் அடியில் தொங்கவிடத் தனி மெத்தை விற்கிறார்கள். அந்த விலையைப் பார்த்தால் அதுவே ஒரு மோசடியாகத் தெரிந்தது. நான் சாக்கில் காய்ந்த வைக்கோலைப் பொதபொதவென்று அடைத்து, ஆளுக்கு இரண்டாக ஹேமாக்குக்கு அடியில், முதுகைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற மாதிரி கட்டினேன். அடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி ஆகாது. எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிக் காலடியில் வைத்தோம். தலைக்குக் குல்லாய். முகத்தை மூடாதீர்கள், மூச்சின் ஈரமே போர்வையை நனைத்துவிடும்.

ராத்திரி செல்வி படுத்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை விட்டாள். எனக்கு ஏது தூக்கம்? முதுகு கதகதவென்றுதான் இருந்தது, மனசுதான் பைக்கிடம் போய்ப் போய் வந்தது. கையில் வைத்திருந்த தெர்மாமீட்டர் பதினெட்டு காட்டியபோது வேலிப்பக்கம் சருகு நொறுங்கியது. 'வந்துவிட்டான்' என்று கயிற்றை வெறி பிடித்த மாதிரி இழுத்தேன். டின்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. எதுவோ உறுமிக்கொண்டு ஓடியது, ஒன்றல்ல, ஏழெட்டு இருக்கும். அடுத்த நொடி பக்கத்துத் தோப்பில் ஒரு டின் கடகடத்தது. அதற்கப்பால் ஒன்று. அப்புறம் தூரத்தில் இன்னொன்று. "ஏலே சுப்பையா, பன்னி மேற்க போவுது!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. பைக் திருடன் இல்லை, அதைவிட மோசம். எங்களைக் காவலுக்குப் போட்டுவிட்டு அந்த ஆள் வீட்டில் தூங்குகிறார்! அங்கே தோப்புக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தகரம் பேசினால் மற்றவை பதில் சொல்ல வேண்டும். பதில் வராத தோப்புக்காரர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், அந்த வழியாகப் பன்றி புகுந்து யார் தென்னங்கன்றைக் கிளறினாலும் பழி அவர்மேல். இதெல்லாம் காலையில் தெரிந்துகொண்டது. அப்போதைக்குக் கோபத்திலேயே விடியும்வரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஆறரைக்கு அண்ணாச்சி பிளாஸ்க்கில் டீயோடு வந்தார். மப்ளர் இல்லை. நான் எழுந்த வேகத்தில் தொட்டில் என்னைத் தரையில் கொட்டியது. தரையில் கிடந்தபடியே, "இது நியாயமா?" என்று கேட்டேன்.

"தப்புதான் தம்பி" என்றார். மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் சரக்கு என்று நினைத்தது, வீசிங்குக்கு உறிஞ்சுகிற இன்ஹேலர். "பனியில போகாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போகலன்னா ஊர்ல பேச்சு. கூலிக்கு ஆளு கேட்டா ஒருத்தனும் வரமாட்டேங்கான். கார்த்திகையில இருந்து நேத்துத்தான் கட்டில்ல படுத்தேன். பொழுது விடிஞ்சதே தெரியல."

அவர் பேசும்போது மூச்சு வாங்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனாலும் விடுவேனா? "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாமலா? ஒங்க வீட்டம்மாட்ட எல்லாத்தையும் சொன்னேம்லா! அவியதான சொன்னாவ, 'எங்க வீட்டுக்காரரு எதையும் நம்பமாட்டாரு, எலை விழுந்தாலும் முழிச்சுக்கிடுவாரு, இதவிட நல்ல காவல் கிடைக்காது'ன்னு."

நான் சாக்கு விற்றவரைச் சந்தேகித்தேன், எண்ணெய்க்காரரைச் சந்தேகித்தேன், தேங்காயைக்கூடச் சந்தேகித்தேன். பக்கத்தில் படுத்தவளை விட்டுவிட்டேன். செல்வி எதுவும் நடக்காதவள் மாதிரி என் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தாள்.

"மூச்ச இழுங்க. விடுங்க. இன்னொருக்க இழுங்க." கொஞ்ச நேரம் கேட்டாள். "விசில் இல்ல."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். சாரல் மாதங்களில் மேலே தார்ப்பாய் முக்கியம், கோடையில் வைக்கோல் வேண்டாம், கொசுவலை போதும். மார்கழியில் அடியில் சாக்கு இல்லாமல் படுக்காதீர்கள். இழுப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் என்னைப் பின்பற்ற வேண்டாம். தோப்புக்காரர் காசு வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். முதலில் உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.

தொட்டில் பரணுக்குப் போகவில்லை. நான் அவிழ்க்கப் போனபோது செல்விதான் தடுத்தாள். "கெடக்கட்டும். தை முடியங்காட்டியும் சனிக்கிழமை சனிக்கிழமை வாரோம்னு அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன்." அண்ணாச்சி வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை அவர் வாயில் எதையும் வைக்கவில்லை, கண்ணைத்தான் துடைத்தார்.