நாற்பதுக்கு ஒன்பது வாங்கிய கணவர்

ஆங்கிலம் தெரியும் என்பதால் வேலை கிடைத்தவர்கள் ஓசூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது என்பதற்காகவே, அதை எழுத்தில் உறுதி செய்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அமர்த்தப்பட்டவர் ஒருவர்தான் இருப்பார். அவர் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகர். பெயர் வெங்கடப்பன். ஆனால் இது அவர் கதை இல்லை. அவரைக் கேட்டால் தன் கதைதான் என்பார். இது அவருடைய மனைவி பொற்கொடியின் கதை.

பொற்கொடி ஊத்தங்கரைக்குக் கிழக்கே மழை வந்தால் மட்டும் பயிர் வைக்கும் ஒரு கிராமத்துப் பெண். ப்ளஸ் டூ முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவள், வண்டி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பன்னிரண்டு ஆண்டு இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கேஜ். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் துண்டு, அதற்கு இரண்டு முனை. ஒரு முனை உதிரிப்பாகத்தின் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மறு முனை போகவே கூடாது. போக வேண்டியது போகாவிட்டாலும் கழிவு, போகக் கூடாதது போய்விட்டாலும் கழிவு. முதல் முனையை எல்லோரும் ஒழுங்காகப் பார்ப்பார்கள். ஷிப்டு முடியும் நேரத்தில் இரண்டாவது முனையை யாரும் பார்க்க மாட்டார்கள். பொற்கொடி பார்ப்பாள். ஒருமுறை ஒரு ஷிப்டின் பாதி உற்பத்தியை அவள் நிறுத்தி வைத்ததில் சூப்பர்வைசர் பத்து நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் பத்து நாளை அவள் இன்றைக்கும் விருது வாங்கிய தோரணையில்தான் சொல்வாள்.

ஆங்கிலம் அவளுக்கு வந்தது வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்கள் வழியாக. வெளிநாட்டுக்காரன் இவ்வளவு மரியாதையாக எப்படித் திட்டுகிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் அகராதி வாங்கினாள். வாங்கியது வாங்கிவிட்டோமே என்று அஞ்சல் வழியில் ஆங்கில பி.ஏ.வும் முடித்தாள். பேசச் சொன்னால் திக்கும். படிக்கச் சொன்னால் ஒரு கமா அவளிடமிருந்து தப்பாது.

தொழிற்சாலையில் அவள் வேலை பார்த்த பிரிவை மூடியபோது, ஜூஜுவாடியில் ஒரு விளம்பரம் பார்த்துப் போனாள். பெங்களூர் நிறுவனம் ஒன்று, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் வாடகை குறைவு என்பதால், அங்கே மூன்றாம் மாடியைப் பிடித்திருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் சீன மாணவர்களுக்கு ஆங்கிலம் படித்தால் புரிகிறதா என்று சோதிக்கும் தேர்வை அங்கே தயாரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு கட்டுரையோ கதையோ, அதன் கீழே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், நான்கில் ஒன்று சரி. சீனத்துப் பிள்ளை ஒன்று எந்த ஊரில் படிக்கப்போகிறது என்பது, கீழே லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, மேலே தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது.

நேர்முகத்தில் பத்துக் கேள்விகளைக் கொடுத்துப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பதினான்கு கண்டுபிடித்தாள். அதில் இரண்டு, அவர்கள் கொடுத்த விதிமுறைத் தாளில் இருந்தவை. மேலாளர் சுசித்ராவுக்கு அது பிடித்ததா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை. ஆனாலும் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட தாள்களில் ஒன்று, கேள்விகளை வெளியாள் எவருக்கும் காட்டவோ சொல்லவோ கூடாது, மீறினால் வேலை போகும் என்றது.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொற்கொடி மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது கேள்விகள் கொண்ட தொகுப்பு. எழுதியவர் பெங்களூரில் ஒரு பேராசிரியர், ஒப்புதல் கொடுத்தவர் சுசித்ரா. வெள்ளிக்கிழமை சீனாவுக்குப் போக வேண்டும். கடைசிப் பார்வை அவளுடையது. கேள்வியை வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பது அவள் பழக்கம். பக்கத்தில் வெங்கடப்பன் களி தின்றுகொண்டிருந்தார்.

கேள்வி, ஒரு ஊர் நூலகம் ஏன் மாலையில் கூடுதல் நேரம் திறந்திருக்கிறது என்பது. விடைகளைச் சொன்னாள். அந்த ஊரில் எல்லோரும் எப்போதும் படித்துக்கொண்டே இருப்பார்கள். பகலில் ஒருவர்கூட வருவதில்லை. கட்டடம் பழையது. வேலை முடிந்து படிக்க வருகிறவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தது.

"நாலாவது" என்றார் வெங்கடப்பன், வாயில் களியோடு.

கட்டுரையைச் சொல்லவே இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

"கட்டுரை எதுக்கு? மாடு விக்க வர்றவன் பொய் சொல்லணும்னா சுருக்கமாத்தான் சொல்லுவான். 'ஒதைக்கவே ஒதைக்காது, எப்பவும் பத்து லிட்டரு'ம்பான். நெசம் சொல்றவன்தான் இழுப்பான். 'சாயங்காலம் கறக்கச்சொல்ல கொஞ்சம் அசையும், மத்தபடி பரவால்லிங்க'ம்பான். அந்த நாலாவது ஆளு இழுக்கறான் பாரு, அவன்தான் நெசம்."

பொற்கொடி அடுத்ததைச் சொன்னாள். அதுவும் சரி. கை கழுவப் போனவரைப் பிடித்து உட்காரவைத்து நாற்பதையும் சொன்னாள். கட்டுரையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. தேன் பெட்டிகளை ஏன் இடம் மாற்றினார்கள் என்ற கேள்விக்கு அவர் விடைகளைக் கேட்கவே இல்லை. பூ எங்கேயோ அங்கே வைப்பார்கள், இதையெல்லாமா சீனாக்காரனிடம் கேட்பீர்கள் என்று ஏளனம் செய்தார். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது இருபத்துமூன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் பத்து வர வேண்டிய இடம் அது.

போகக் கூடாத முனை சர்ரென்று உள்ளே போயிருந்தது. ராத்திரி பகலாக ஆங்கிலம் படித்த பிள்ளைக்கும், விடைகளின் சாயலைப் பார்த்தே தொடுகிற பிள்ளைக்கும் இந்தத் தேர்வில் வித்தியாசம் தெரியாது. அப்புறம்தான் இன்னொன்றும் உறைத்தது. நாற்பது கேள்விகளையும் வெளியாள் ஒருவருக்குச் சொல்லியாகிவிட்டது.

திங்கட்கிழமை சுசித்ராவிடம் போய், இருபத்துமூன்று கேள்விகளை நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஆதாரம் என்ன என்று கேட்டார் சுசித்ரா. தனக்கே தோன்றியது என்று பொய் சொல்லிவிடலாம். ஆனால் அது செல்லாது. அவள் ஆங்கிலம் தெரிந்தவள், கட்டுரைகளைப் படித்தவள். அவளால் விடை சொல்ல முடிகிறது என்பது எதையும் நிரூபிக்காது. இங்கிலீஷ் தெரியாத, கட்டுரையைக் கேட்காத ஒருவர் சொன்னார் என்றால்தான் அது ஆதாரம். அந்த ஆதாரம்தான் குற்றமும். இரண்டையும் பிரித்து எடுக்க வழியில்லை.

ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். மேலே இரண்டு பேர் சரி பார்த்த சரக்கு, கடைசி மேசை ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைக்க யாருக்கும் உரிமை உண்டு. பொற்கொடிக்கு அந்த உரிமையைப் பயன்படுத்திப் பழக்கமில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னேங்க மேடம். கேள்வியும் விடையும் மட்டும். நாற்பதும்."

சுசித்ரா மடிக்கணினியை மூடினார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு உங்களுக்குப் புரியுதா? இதை நான் எழுதி அனுப்பியே ஆகணும்."

"அனுப்புங்க மேடம். ஆனா அந்த இருபத்துமூணையும் சேர்த்து எழுதுங்க."

மூன்று நாள் அவளுக்கு வேலை எதுவும் தரப்படவில்லை. வந்தாள், உட்கார்ந்தாள், போனாள். வீட்டில் வெங்கடப்பன்தான் அதிகம் வருத்தப்பட்டார். சந்தையில் துண்டுக்கடியில் விரலைத் தொட்டுப் பேசும் விலையை இந்தப் பத்து வருஷத்தில் கட்டிய மனைவியிடமே சொன்னதில்லை, தன்னைப் போய் வெளியாள் என்று சொல்லிவிட்டார்களே என்று புலம்பினார். பொற்கொடி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. வேலை யாருக்குப் போகப்போகிறது என்பதையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை, கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லித் தகவல் வந்தது. சீனாவில் இருந்து தேர்வுக்குப் பொறுப்பான லின் என்ற அம்மையார் வீடியோவில் பார்க்கிறாராம். பழைய நாற்பது இல்லை. இந்த அலுவலகத்தில் யாரும் பார்த்திராத பன்னிரண்டு கேள்விகளை அவர் அப்போதுதான் அனுப்புவார், சுசித்ரா தமிழில் சொல்வார், பொற்கொடி அறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

வெங்கடப்பன் வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, நெற்றியில் திருநீறுமாக உள்ளே போனார். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் பொற்கொடி. சத்தம் கேட்காது, உருவம் மட்டும் தெரியும். சுசித்ராவின் உதடு அசைந்தது. வெங்கடப்பன் மாட்டின் பல்லைப் பார்க்கிற முகத்தோடு கேட்டார். பிறகு விரலை நீட்டினார். மூன்று. அடுத்ததற்கு ஒன்று. திரும்ப ஒன்று. ஒரு கேள்விக்கு இரண்டு விரல் காட்டி, சுசித்ராவை உற்றுப் பார்த்து, மடக்கி, நான்கு காட்டினார்.

பொற்கொடி வேண்டிக்கொண்டிருந்தாள், ஆனால் எதை வேண்டிக்கொள்வது என்று அவளுக்கே குழப்பம். அவர் ஜெயித்தால் அவள் சொன்னது மெய், லின் அம்மையார் அனுப்பிய கேள்விகள் ஓட்டை. வாடிக்கையாளரின் ஓட்டையை வாடிக்கையாளர் முன்னாலேயே காட்டிய ஊழியரை எந்த நிறுவனம் வைத்துக்கொள்ளும்? அவர் தோற்றால், ரகசியத்தை வெளியே விட்டவள் என்ற பெயர் மட்டும்தான் மிச்சம். எட்டாவது கேள்வியில் திரையில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். பத்தாவதில் சுசித்ரா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கதவு திறந்தபோது சுசித்ரா ஒரு வார்த்தைதான் சொன்னார். ஒன்பது.

பன்னிரண்டுக்கு ஒன்பது. கண்ணை மூடித் தொட்டிருந்தால் மூன்றுதான் வந்திருக்கும்.

அம்மையார் அவளை உள்ளே கூப்பிட்டு நேராகக் கேட்டார், அந்த நாற்பது கேள்விகளையும் சரிசெய்ய உன்னால் முடியுமா என்று. பொற்கொடிக்கு எப்போதும்போலத் திக்கியது. ஆனால் மூன்று வார்த்தைக்குமேல் தேவைப்படவில்லை. முடியும், மூன்று வாரம் என்றாள். மூன்று வாரம் கழித்து இதே மனிதர் உட்காருவார், இவருக்கு விடை தெரிந்துவிட்டால் நமக்குள் பேச்சே இல்லை என்றார் அம்மையார். வெங்கடப்பனுக்கு அது புரியவில்லை. வணக்கம் வைத்தார்.

அன்று மாலை வந்த மின்னஞ்சலில், முதல் பத்தி பொற்கொடிக்கு ரகசியக் காப்பை மீறியதற்கான எச்சரிக்கை. இரண்டாவது பத்தி, அதே மீறலை இனி ஒழுங்குமுறைப்படி செய்வதற்காக வெங்கடப்பனோடு ஒப்பந்தம். ஆங்கிலம் தெரியாது என்பதற்கு அவர் கையெழுத்து வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பொற்கொடியின் வேலை பற்றி இருந்தது ஒரே வரி, மூன்று வாரத்துக்குப் பிறகு முடிவு.

அந்த மூன்று வாரமும் அவள் நாற்பது கேள்விகளையும் புதிதாக எழுதினாள். சரியான விடை நீளமாக இருந்தால் தவறான மூன்றையும் அதே நீளத்துக்கு இழுத்தாள். 'எப்போதும்', 'ஒருவர்கூட' எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தாள். உலக அனுபவத்தால் தெரியக்கூடியதை வெட்டினாள். பொய்யையும் மெய்யைப் போலவே இழுத்துப் பேச வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. வெங்கடப்பன் சந்தையிலிருந்து வந்ததும், நல்ல பொய் சொல்லும் வியாபாரிகள் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். இது எதற்கு உபயோகமாகிறது என்று அவர் யோசிக்கவில்லை. புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரைப் பற்றியும் விவரமாகச் சொன்னார்.

குறித்த நாளில் மறுபடியும் கண்ணாடி அறை, மறுபடியும் வெளியே நாற்காலி. இந்த முறை விரல்கள் சட்டென்று நீளவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். இன்னொன்றுக்குக் கூரையைப் பார்த்தார். நாற்பது முடிய ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. வெளியே வந்த சுசித்ரா சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதத்தில் பொற்கொடி அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

நாற்பதுக்கு ஒன்பது. கண்ணை மூடித் தொட்டிருந்தால்கூட ஒன்று கூடுதலாக வந்திருக்கும். திரையில் அம்மையார் கை தட்டினார். சீனாவிலேயே நூறு பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார்களாம். கட்டுரை இல்லாமல் எழுதியவர்கள் வெங்கடப்பன் கதிதான், படித்துவிட்டு எழுதியவர்கள் படித்த அளவுக்கு வாங்கினார்களாம். தொகுப்பு ஏற்கப்பட்டது. பொற்கொடி நிரந்தரம். கட்டிய கணவன் ஃபெயில் ஆனதற்கு அலுவலகம் மொத்தமும் வந்து கை குலுக்கியது அவளிடம்தான். பன்னிரண்டு வருஷம் கழிவென்று ஒதுக்கியே பழகிய கை, முதல்முறையாகத் தான் செய்த சரக்குக்கு வாழ்த்து வாங்கியது. நெஞ்சு நிமிர்ந்துதான் போயிற்று. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவும் இல்லை.

பஸ்ஸில் வெங்கடப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார். வீட்டில் சோறு போட்டபோது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் தபால்காரன். மலையூர்க்காரன். கிட்டப் பாதை இருக்கச்சொல்ல சுத்துப் பாதையில போனானே, அவன் ஏன் போனான்?"

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பாறை வழுக்கும்னு சொன்னேன். இல்லியாமே. மத்த மூணும் அதே மாதிரிதான் இருந்துச்சு, ஒருத்தன் மூஞ்சிலயும் பொய்யே தெரியல. அதுக்கோசரம் கேக்கறேன். கதையைப் படி."

பொற்கொடி படித்தாள், தமிழில், நிதானமாக. குறுக்குப் பாதையில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் வாசலில் காத்திருந்து பிடித்துக்கொண்டால் ஒரு மணி நேரம் விட மாட்டார். சுற்றுப் பாதை நாற்பது நிமிஷம். ஆக, தூரமான வழிதான் சீக்கிரம். வெங்கடப்பன் சோற்றை மறந்து கேட்டார். அப்படி ஒரு ஆள் குந்தாரப்பள்ளியிலும் உண்டு, அந்த ஆளுக்குப் பயந்து தானும் கொட்டகையைச் சுற்றிப் போனதுண்டு என்றார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"இதைப் படிக்காத எவனாலும் சொல்ல முடியாதே, கொடி."

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள் பொற்கொடி. அதற்குள் அவர் அடுத்த கேள்விக்கான கதையைப் படிக்கச் சொன்னார்.